படுத்துப் பார்த்த வீடு

திருமூர்த்தி வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, இந்த வீட்டில் தூக்கம் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று சூரியனைத் தேடுவார்கள். இவருக்கு அதெல்லாம் தோன்றாது. படுத்துப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி லேத்தில் ராத்திரி ஷிப்டுக்கு ஏறிய காலத்திலிருந்து பகலில் தூங்கிப் பழகின உடம்பு. அந்தக் கம்பெனி இப்போது ஜெர்மனியில் இருக்கும் தன் தாய்க் கம்பெனிக்கு இவரைத் தூக்கி அனுப்பிவிட்டது. இங்கேயும் அதே ராத்திரிதான், அதே பகல் தூக்கம்தான், மெஷின் மட்டும் புதுசு. ஷிப்ட் முடிந்து, ரூமில் தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, குளித்த கையோடு நேரே இங்கே வந்திருந்தார். வீட்டைக் காட்ட வந்த கெல்லர் அம்மாளும், கூட வந்த ஜெபராஜும் நிலவறையைப் பார்க்கக் கீழே போயிருக்கிறார்கள். இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பூமிக்கடியில் ஓர் அறை உண்டாம், தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்க. ஜெபராஜ் தூத்துக்குடிக்காரன், இவருக்கு முன்னாலேயே வந்து பாஷையைக் கற்றுக்கொண்டவன், அவன் இல்லாவிட்டால் இவருக்கு இங்கே வாயும் இல்லை காதும் இல்லை. "நிதானமாப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போனான், "ஆனா நாங்க மேல வர்றதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிரணும், நமக்குப் பொறவு வேற ஒரு ஜோடி பாக்க வருது." நிதானமாகவும் பார்க்க வேண்டும், உடனேயும் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் பெரிய விஷயத்தையெல்லாம் இப்படித்தான் கேட்கிறார்கள். பெண் பார்க்கப் போனபோதும் இப்படித்தான், காபி ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றார்கள், சொன்னார், சாந்தாமணி வந்தாள். இப்போது சாந்தாமணி வருவாளா என்பதுதான் கேள்வி. விசா வந்துவிட்டது. அவள் இன்னும் வரவில்லை. "மொதல்ல வீட்டைக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு ஷட்டர் இருந்தது, கடை ஷட்டர் மாதிரி, ஆனால் உள்ளேயிருந்தே ஒரு வாரைத் தளர்த்திவிட்டால் இறங்கிவிடும், இழுத்தால் ஏறிவிடும். அதை இறக்கிவிட்டுத்தான் படுத்தார். அது இறங்க இறங்க வெளிச்சம் கோடு கோடாக நறுங்கி, பொட்டுப் பொட்டாகி, கடைசியில் இல்லாமலே போனது. உச்சி வேளையில் இப்படி ஓர் இருட்டை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. கையை முகத்துக்கு நேரே நீட்டினார், தெரியவில்லை. விரல்களை மடக்கி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், எல்லாம் இருந்தன. சின்னதுரைக்கு அப்படி ஆனதிலிருந்து வந்த பழக்கம் இது. சின்னதுரை பக்கத்தில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷினில் நின்றவன். வீட்டில் கைக்குழந்தை, பகலெல்லாம் அழுகை, தூக்கம் கெட்டுக் கெட்டு, ஒரு விடியக்காலையில் கண் திறந்திருக்கும்போதே தூங்கிப்போனான். மெஷினுக்கு அது தெரியுமா. அவனையும் விரல்களையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒட்டவில்லை. அதற்குப் பிறகு அவன் சோறு பிசைவதைப் பார்க்க முடியாமல் கேன்டீனில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம் அதைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் எப்படி இருப்பது, அன்றைக்கு அவர் தட்டில் போட்ட சோற்றைத் தொடவில்லை, என்னாச்சுங்க என்று அவள் கேட்டாள், சொன்னார். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அந்த வீட்டில் சத்தம் நின்றது. இங்கே வந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. கம்பெனி கொடுத்த ரூமில் திரைச்சீலை வெங்காயச் சருகு மாதிரி, வெயில் அப்படியே உள்ளே வந்து இமைக்கு மேலே உட்கார்ந்துகொள்கிறது. போன வாரம் மெஷின் கதவில் நெற்றி இடித்தபிறகுதான் தான் நின்றபடி தூங்கியிருக்கிறோம் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் ஏதோ கேட்டான், சிரித்து வைத்தார். வெளிச்சம்தான் காரணம். வெளிச்சம் இல்லாத வீடாகப் பிடித்துவிட்டால் போதும். இதோ பிடித்தாயிற்று. அப்புறம் ஏன் தூக்கம் வரவில்லை.

சத்தம் நின்றது என்றால் சும்மா நின்றுவிடவில்லை, அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தினாள். கணபதியில் அது லைன் வீடு, வரிசையாக ஒட்டி ஒட்டி வீடுகள், பொதுச்சுவர், பொதுக்குழாய், இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அதற்குள் ஒரு மனுசனைப் பகலில் தூங்கவைக்க வேண்டும். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கினாள். குக்கர் விசிலடிக்கும் என்று அதைப் பரணில் ஏற்றிவிட்டுச் சட்டியில் வடித்தாள். சில்வர் மூடியைக் கீழே வைக்கும்போது துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தாள். சட்னி அரைக்க மிக்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசி வீட்டுக்கு, ராஜாமணியக்கா வீட்டுக்குப் போவாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. தக்காளி வண்டிக்காரன் மைக்கை அணைத்துவிட்டுத்தான் அந்த வரிசையைக் கடப்பான், அணைக்காவிட்டால் சாந்தாமணி வாசலில் நின்று உதட்டில் விரலை வைப்பாள், அவ்வளவுதான், திட்டமாட்டாள், விரல் மட்டும்தான். மகள் நிவேதா அந்த விரலைப் பார்த்தே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டு, உங்க புள்ளைக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா, பாடம் ஒப்பிச்சா முன் பெஞ்சுக்கே கேக்க மாட்டேங்குது என்று கேட்டபோது, இல்லீங் மிஸ், இவங்கப்பா நைட் ஷிப்டு என்று சாந்தாமணி சொன்னாளாம். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், சத்தமில்லாமல். நிவேதா இப்போது காலேஜ் ஹாஸ்டலில். அவள் இங்கே வரப்போவதில்லை. வந்தால் சாந்தாமணி தனியாகத்தான் வர வேண்டும், தனியாகத்தான் இருக்க வேண்டும், ஷட்டர் இறக்கின அறைக்கு இந்தப் பக்கம், இவர் எழுந்திருக்கிற வரைக்கும். இங்கே ராஜாமணியக்கா வீடு எது. மிக்சியைத் தூக்கிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவாள்.

அவர் புரண்டு ஒருக்களித்துப் படுத்தார். மரத்தரை கன்னத்தில் வழவழவென்று பட்டது, புதுப் பாலிஷ் வாசனை. காதைத் தரையோடு வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. கீழ் வீட்டில் ஆள் இருக்கிறார்கள், பெயர்ப்பலகை பார்த்தார், பக்கத்து வீட்டிலும் இருக்கிறார்கள், வாசலில் செருப்பு கிடந்தது, ஆனால் ஒரு ஜீவன் மூச்சு விடுகிற சத்தம் இல்லை. இந்த வீட்டின் பெருமையாக ஜெபராஜ் அதைத்தான் சொன்னான். "மதியம் ஒரு ரெண்டு மணி நேரம், ஞாயித்துக்கிழமை பூராவும், ஒரு ஆணி அடிக்கக் கூடாதுண்ணே இந்த வீட்டுல. சட்டம் மாதிரி. ஒங்களுக்குன்னு அளவெடுத்துத் தச்ச வீடு." அது உண்மைதான். அளவெடுத்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் காது தேடியது. எதைத் தேடுகிறது என்று தெரியாமல், இருட்டில் மூக்குக்கண்ணாடியைத் துழாவுகிற கை மாதிரி, அந்த அமைதிக்குள் போய்ப் போய்த் திரும்பி வந்தது. ஒன்றுமே கேட்காவிட்டால் அதற்கும் மனுசன் செத்துப்போனதற்கும் என்ன வித்தியாசம் என்று ஓர் எண்ணம் வந்தது, அதை உடனே தள்ளினார், புது வீட்டில் படுத்துக்கொண்டு நினைக்கிற நினைப்பா அது. இன்னொரு வீடும் இருந்தது. அதை முந்தாநாள் பார்த்தார்கள், அதுவும் இன்றைக்குள் சொல்ல வேண்டிய வீடுதான். டிராம் திரும்புகிற முனையில் மாடி வீடு, கீழே ரொட்டிக் கடை, எதிர்த்தாற்போல பள்ளிக்கூட மைதானம். அங்கேயும் படுத்துப் பார்த்தார். டிராம் திரும்பும்போது தரை முதுகில் கிர்ரென்றது. ஜெபராஜ் காலால் அவர் தோளைத் தொடாத குறையாக, "எந்திரிங்கண்ணே, இங்க செத்தவனுக்கே தூக்கம் வராது, ஒங்களுக்கா" என்றான். எதிர் வீட்டுத் துருக்கிக்கார அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள், தரையில் ஒரு நடுவயது ஆள் படுத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள், ஜெபராஜிடம் ஏதோ கேட்டாள். என்ன கேக்குது என்று இவர் கேட்டதற்கு, "பொஞ்சாதி வருதா, எப்ப வருதுன்னு கேக்குதுண்ணே" என்றான். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. அந்த வீட்டில் சமையலறை எந்தப் பக்கம், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது, யோசித்து யோசித்துப் பார்க்கிறார், வரவில்லை. இந்த வீட்டிலும்தான். வந்ததும் படுக்கையறைக்குள் நுழைந்தார், ஷட்டரை இறக்கினார், படுத்தார். இரண்டு வீடு பார்த்து இரண்டு தரைதான் பார்த்திருக்கிறார். அவள் கேட்பாள். என்ன பார்த்தீங்க என்று கேட்டால், இருட்டைப் பார்த்தேன் என்றா சொல்வது.

இதில் ஒன்று அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். இங்கே வந்ததிலிருந்து போனில் அவள் குரல் பெரிதாகிக்கொண்டு வருகிறது. முதலில் லைன் சரியில்லை போல என்று நினைத்தார். அப்புறம் குரலுக்குப் பின்னால் டிவி கேட்டது. ஒரு நாள் குக்கர் விசில். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே, இருங்க இதைப் போட்டுட்டு வந்தர்றேன் என்று மிக்சியைப் போட்டாள், வீட்டுக்குள்ளேயே, அது கர்ரென்று ஓடி முடிகிற வரைக்கும் இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்லாத்தான் இருந்தது கேட்க. நல்லா இருந்ததா, குத்தியதா. தான் இல்லாத வீட்டுக்குச் சத்தம் திரும்பி வந்துவிட்டது. அவளை இங்கே கூட்டிக்கொண்டு வருவது என்றால் என்ன அர்த்தம், திரும்பவும் அந்தக் குக்கரைப் பரணில் ஏற்றுவது. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போன வாரம் ஏன் அப்படிக் கேட்டாள். "வீடு எப்படியோ இருந்துட்டுப் போகுதுங்க, நா அங்க வந்து பகல்ல என்ன பண்ணோணும்னு மட்டும் சொல்லுங்க." இவர் டவர் இல்லாத மாதிரி அலோ அலோ என்றார். டவர் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவளுடைய ஒரு சிரிப்பு. எதை நினைக்க ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கே போய்த்தான் முட்டுகிறது, துணி ஆணியில் மாட்டுகிற மாதிரி. எந்த வருசம் என்றுகூடத் தெரியாது, ஒரு பகல், தூக்கம் கலைந்து கண் மூடிக் கிடந்தார், குழாயடியில் ராஜாமணியக்கா யாரைப் போலவோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், சாந்தாமணி சிரித்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பு அவளிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. குடம் ததும்பி வழிகிற மாதிரி வந்தது. படுத்தபடி அவருக்கும் உதடு விரிந்தது. என்ன விஷயம் என்றே தெரியாமல் சிரித்தார். உடனே, ஸ், மெதுவா, அவரு தூங்கறாரு என்று அவளே சொன்னாள், சிரிப்பு பாதியில் நின்றது, குடத்தை எடுக்கிற சத்தம்கூட அப்புறம் கேட்கவில்லை. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. எழுந்து வந்துவிட்டார் என்று அவள் பதறுவாளே என்று நினைத்தாரோ, இல்லை, தூங்குகிற ஆளாகவே இருப்பது சௌகரியமாக இருந்ததோ, கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு தூங்கியும் போனார். எப்படித் தூங்கினார். துணிமேல் மூடி வைக்கிற மெத்தென்ற சத்தம், அவள் பாத நுனியால் நடந்து போகிற சத்தம், ஓரத்தில் மெல்ல இழுபடுகிற முறம், இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தூங்கினார். திருமூர்த்தி இருட்டுக்குள் கண்ணைத் திறந்தார். திறந்ததற்கும் மூடியதற்கும் வித்தியாசமில்லை. அப்படியானால் அவர் தூங்கியது அமைதியிலா.

போன் அடித்தது. அந்த வெற்று வீட்டில் அது பஸ் ஹாரன் மாதிரி கேட்டது, பதறி எழுந்து உட்கார்ந்து, திரை வெளிச்சத்தில் கண் கூச, எடுத்தார். சாந்தாமணி, வீடியோவில். பின்னால் லைன் வீட்டுச் சுவர், மஞ்சள் வெயில், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். "ஏனுங்க, இருட்டுல உக்காந்துட்டு என்ன பண்றீங்க, கரண்டு இல்லீங்களா அந்த ஊர்லயும்?" "ஷட்டரு எறக்கியிருக்கு." "எதுக்கு?" "படுத்துப் பாத்தேன்." அவள் கண்ணைச் சுருக்கி அந்த இருட்டைப் பார்த்தாள். அப்புறம், "செரி, அடுப்படியக் காட்டுங்க" என்றாள். எழுந்து, சுவரைத் தடவிக் கதவைக் கண்டுபிடித்து, வெளிச்சத்துக்கு வந்து, ஒவ்வோர் அறையாகத் திறந்தார், ஒன்று குளியலறை, ஒன்று கூடம், இன்னொன்று வெறும் அறை, சுவரில் முழங்கால் உயரத்தில் இரண்டு குழாய் முனைகள் மூடி போட்டு நீட்டிக்கொண்டிருந்தன, மேலே டைல்ஸ் நாலு வரிசை, வேறு எதுவும் இல்லை. மேடை இல்லை, அடுப்பு இல்லை, தொட்டி இல்லை. கெல்லர் அம்மாளும் ஜெபராஜும் படியேறி உள்ளே வந்து அவர் பின்னால் நின்றார்கள். "இது எந்த ரூமுங்க?" என்றாள் சாந்தாமணி. அவருக்கும் தெரியவில்லை. ஜெபராஜ்தான் போனுக்குள் தலையை நீட்டினான். "இதாங்க்கா அடுப்பங்கரை. இந்த ஊர்ல வீட்டக் காலி பண்ணுறவன் அடுப்பங்கரையவும் கழத்தி லாரில ஏத்திட்டுப் போயிருவான். புதுசா வாறவன் வாங்கி மாட்டிக்கிடணும்." "என்னது, அடுப்படிய கழட்டிட்டுப் போயிட்டாங்களா?" "ஆமாக்கா. நல்லவேள, சொவர விட்டுட்டுப் போயிருக்கான்."

சாந்தாமணி சிரித்தாள். அடுப்படியக் காணோமாம் ராஜாமணியக்கா, இங்க வாங்க, வந்து பாருங்க என்று கூப்பிட்டபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பேதான். அது திருமூர்த்தியின் கையிலிருந்த போனிலிருந்து புறப்பட்டு, சாமான் இல்லாத சுவர்களில் மோதி, கூடத்துக்குப் போய், இருட்டறைக்குள்ளும் நுழைந்து திரும்பி வந்தது. அவர் அசையாமல் நின்றார், எங்கே கை ஆடினால் நின்றுவிடுமோ என்பது போல. அப்போது கெல்லர் அம்மாள் பக்கவாட்டில் வந்தாள். நல்ல பொம்பளை, வெள்ளைத் தலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, வந்ததிலிருந்து முகம் சுளிக்காதவள். இப்போதும் சுளிக்கவில்லை. போன் திரையைப் பார்த்து, சிரித்த முகமாகவே, தன் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள். "மதிய நேரம்லா, அமைதியா இருக்கணும்னு சொல்லுதாங்க" என்றான் ஜெபராஜ் தணிந்த குரலில். திட்டவில்லை, விரல் மட்டும்தான். அந்த விரலை அவர் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறார், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது காட்டப்படும்போதெல்லாம் அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் சாந்தாமணியின் சிரிப்பு நின்றது. தேய்ந்து போய் நிற்கவில்லை, கத்தரித்த மாதிரி நின்றது. பின்னால் யாருக்கோ கையைக் காட்டி அமர்த்தினாள். போனைக் கிட்டே கொண்டுவந்தாள், முகம் பெரிதானது, அவருக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் குரலில், மூச்சோடு மூச்சாகக் கேட்டாள். "அங்க யாருங்க தூங்கறாங்க?"

அவர் படுக்கையறைக்குப் போனார். வாரைப் பிடித்து இழுத்தார், ஷட்டர் தடதடவென்று ஏறியது, கெல்லர் அம்மாள் கூடத்திலிருந்து ஏதோ சொன்னாள். வெயில் அவர் படுத்திருந்த இடத்தில் விழுந்தது, பாலிஷின்மேல் அவர் தலை வைத்த வட்டமும் தோளின் வேர்வையும் தெரிந்தன. "தம்பி, அந்தம்மாகிட்ட ரொம்ப நன்றின்னு சொல்லு. வீடு நல்ல வீடு, நமக்கு ஆகாதுன்னு சொல்லு." ஜெபராஜ் அவரைப் பார்த்தான். "டிராம் வீட்டுக்காண்ணே? நல்லா யோசிச்சுக்கிடுங்க. பொறவு தூக்கம் இல்லன்னு எங்கிட்ட வந்து நிக்கப்புடாது." யோசிக்க என்ன இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. படியிறங்கும்போது வலது கைக் கட்டைவிரல் தானாக மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டது. டிராம் திரும்பும்போதெல்லாம் தரை கிர்ரென்னும். பிள்ளைகள் மைதானத்தில் கத்துவார்கள். அதற்குள் தூங்க முடியுமா என்பது தூங்கிப் பார்த்தால்தான் தெரியும், முடியாவிட்டால் அந்த மெஷின் கதவு, அந்தப் பிரஸ், சின்னதுரையின் சோற்றுத் தட்டு. தெருவுக்கு வந்ததும் வெயில் அறைந்தது. போன் இன்னும் கையில் இருந்தது, அவளும் இன்னும் வைக்கவில்லை, திரையில் அவள் காதும் ஒரு தோடும் தெரிந்தன. "ஏனுங்க, கேக்குதுங்களா," இன்னும் அதே கிசுகிசுப்புதான், "யாரையாவது எழுப்பிட்டனுங்களா?"

திருமூர்த்தி நடைபாதையில் நின்றுவிட்டார். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஒருத்தரும் தூங்கல சாந்தா," என்றார். "நா முழிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

அந்தப் பக்கமிருந்து லைன் வீட்டுச் சத்தம் வந்தது, தண்ணீர் விழுகிற சத்தம், எங்கேயோ ஒரு வண்டி மைக்கில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போகிற சத்தம். பிறகு அவள், முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெபராஜ் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்கக் கேட்டாள்.

"அப்ப சத்தமாவே கேக்கறேன். அந்த இன்னொரு வீட்டுலயாச்சும் அடுப்படி இருக்குதுங்களா?"

"தெரீல" என்றார் அவர். "இப்பத்தான் பாக்கப் போறேன். போன வச்சராத, நீயும் வா."